நாலு காலுக்கும் லாடம்

கட்டின இடத்தில் கயிறு கிடந்தது. குதிரையைத்தான் காணவில்லை.

குற்றாலத்திலிருந்து பழைய குற்றாலம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது அந்த விடுதி. சாரல் சீசன் என்றால் சும்மாவா? அறை ஒன்றுகூடக் காலி இல்லை. வருகிற கூட்டம் அருவியில் குளிக்கும், மிளகாய் பஜ்ஜி தின்னும், அப்புறம் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் போட்டோ பிடிக்கும். அதற்காக விடுதியில் குதிரை இரண்டு. பழுப்புக் கிழக்குதிரையின் பெயர் துரை. வெள்ளைப் பெட்டைக்குதிரையின் பெயர் அல்லி. தென்காசி வட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அல்லி வந்து நின்றால்தான் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஜம்பம். அந்த அல்லியைத்தான் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் சங்கரேஸ்வரி இறங்கினாள். பால்காரன் தண்ணீர் கலக்காமல் பால் ஊற்றினால்கூட, இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற ஆள் அவள். வீட்டில் அது பெரிய தொந்தரவு. ஸ்டேஷனில் அதற்குத்தான் சம்பளம்.

வரவேற்பறை வாசலில் சற்று நின்று நிமிர்ந்து பார்த்தாள். நிலைக்கு மேலே பழைய லாடம் நாலு வரிசையாகத் தொங்கின. கண்ணேறு படாமல் இருக்க மாட்டியது. மூன்று ஒரு மாதிரியும் ஒன்று தலைகீழாகவும் இருந்தன.

"வாங்க மேடம்! உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்." விடுதி முதலாளி விஸ்வநாதன் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். தென்காசிக்காரர். சென்னையில் வீட்டுமனை வியாபாரம் செய்து, ஊர் திரும்பி இந்த விடுதியைக் கட்டியவர். "யாரு எடுத்தான்னு தேடவே வேண்டாம். எல்லாம் அந்த லாடக்கார பாய் வேலை."

"எப்படிச் சொல்லுதிய?"

"முந்தாநாள் எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டை மேடம். காலுக்கு ஐநூறு வாங்கிக்கிட்டு இருந்தான். இனிமே அறுநூறாம்! ரெண்டு குதிரை, எட்டு காலு. ஒரு தடவைக்கு நாலாயிரம் குடுத்துக்கிட்டு இருக்கேன். காருக்கு டயர் மாத்துனாக்கூட மூணு வருஷம் ஓடுது. இவன் அடிக்கிற இரும்பு ஆறு வாரத்துல தேய்ஞ்சு போவுதாம்! ஒரு பைசா ஏத்த மாட்டேன், போடான்னேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'அப்ப குதிரை நடக்காது முதலாளி'ன்னான். மிரட்டல் இல்லாம வேற என்ன அது?"

"கேமரா?"

"ரெண்டு நாளா ரிப்பேர். என் நேரம்!"

குதிரை காணாமல் போன ராத்திரியில் கேமராவுக்கும் உடம்பு சரியில்லை. சங்கரேஸ்வரி அதை மனதில் ஒரு ஓரமாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

லாயத்துக்குப் போனார்கள். முன்பக்கம் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் சிமெண்டுத் தரை. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதைத் தாண்டினால் தோப்பு, சாரலில் ஊறிய செம்மண். குதிரையைப் பார்த்துக்கொள்கிற இசக்கிமணி, இடத்தை ஒழித்துக் கொடுப்பதற்காகத் துரையை வெளியே நடத்திக்கொண்டு போனான். சிமெண்டில் குளம்பு விழுகிற சத்தம் கேட்டது. டக், தொப். டக், தொப். முதலாளி சுவரோடு ஒட்டி நின்று, குதிரை முழுசாகக் கடந்துபோன பிறகுதான் மூச்சு விட்டார்.

"உதைக்கும்னு பயமா முதலாளி?"

"பின்னாடி மட்டும் போகவே மாட்டேன் மேடம். சவாரிக்கு வாங்கிப் போட்டதுதான். தொட்டுக்கூடப் பார்த்தது கிடையாது."

பின்கதவில் தொடங்கியது குளம்புத் தடம். தோப்பைக் குறுக்கே கடந்து, வெட்டுப்பட்ட கம்பி வேலிவரை போய், தென்காசி ரோட்டில் ஏறி மறைந்தது. கூடவே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவனுடைய கால்தடம். அந்த மாதிரி பூட்ஸ் தோப்பு வேலைக்கென்று ஸ்டோர் ரூமில் ஏழெட்டு ஜோடி கிடந்தது, யார் வேண்டுமானாலும் மாட்டலாம். வேலியடியில் ஒரு குறடு கிடந்தது, லாட ஆணி பிடுங்குகிற நீள வாய்க் குறடு.

"பாத்தியளாம்மா!" ஏட்டு செல்லச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "களவாணிப்பய, தன் சாமானையே போட்டுட்டுப் போயிருக்கான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்."

"வேலைக்காரன் எவனும் தன் ஆயுதத்தை மறந்துட்டுப் போவானா ஏட்டய்யா?"

"அவசரத்துல..."

"குதிரையைப் பிடிச்சு, கதவைத் திறந்து, வேலியை வெட்டி, சத்தம் இல்லாம போன ஆளுக்கு என்ன அவசரம்?"

சங்கரேஸ்வரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தடத்திலும் இரும்பின் வளைவு அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது. அவளுக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். வீட்டில் வண்டிமாடு நின்ற காலத்தில், மாட்டைக் கட்டிச் சாய்த்து நாலு காலிலும் லாடம் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கண்ணுக்குத் தப்பு எதுவும் படவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டாள்.

இசக்கிமணியைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான், வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற மேனேஜர் வேல்ராஜைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

"என்னலே சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்லம்மா."

"நீ ராத்திரி லாயத்துலதான படுப்ப? நேத்து எங்கன போன?"

"முதலாளிதாம்மா கூப்பிட்டு எரநூறு ரூவா குடுத்தாவ. அருவில குளிச்சிட்டு வீட்டுல போயி நிம்மதியாப் படுலேன்னாவ."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது குடுத்திருக்காவளா?"

இசக்கிமணி தலையைச் சொறிந்தான். அதுவே பதில்.

அடுத்து வேல்ராஜ். வழுவழுவென்று சட்டையும் நறுக்கென்று பேச்சுமாக இருக்கிறவன். தடத்தைப் பார்த்ததும் சட்டென்று செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தான். போனில் யாரும் இல்லை என்பது சங்கரேஸ்வரிக்குத் தெரிந்தது. அடப்பாவி, நீயுமா என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் தென்காசியிலிருந்து லாடக்காரர் ஆதமைக் கூட்டி வந்துவிட்டார்கள். ஐம்பது வயது, காய்த்துப்போன கை. லுங்கியைச் சரிசெய்யக்கூட விடாமல் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"குறடு உங்களுதா பாய்?"

"என்னுதுதாம்மா. முந்தாநாள் சண்டைல லாயத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"நேத்து ராத்திரி?"

"வீட்டுலதான் கெடந்தேன்."

"இந்தத் தடத்தைப் பாருங்க."

ஆதம் குனிந்தார். ஒரு தடம், அடுத்த தடம், அதற்கடுத்தது. அவர் முகம் மாறியது. நிமிர்ந்தவரின் கண் நேரே வேல்ராஜிடம் போய், அப்படியே தரையில் விழுந்தது.

"குதிரையை நான் எடுக்கல. அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காதிய."

அப்படிச் சொன்னால் போலீஸ் விடுமா? எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். மனுஷர் வாயே திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் போனில் காய்ந்தார். "சண்டை இருக்கு, குறடு இருக்கு, இன்னும் என்னம்மா உனக்கு வேணும்? சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்திடு."

ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் ஆதமின் மனைவி நூர்நிஷா நனைந்துகொண்டே நின்றாள். சங்கரேஸ்வரியைக் கண்டதும் அழவில்லை, சண்டைக்கு வந்தாள்.

"குதிரைக் களவாணின்னு ஒரு தடவை பேரு விழுந்துட்டா, அப்புறம் எந்த லாயத்துல அவர உள்ள விடுவாவ? நீங்க நாளைக்கே விட்டாலும் எங்க பொழப்பு போனது போனதுதாம்மா! வீட்டுல இருக்கதே ஒத்தச் சம்பாத்தியம்."

"முதலாளி நல்லாத்தான காசு குடுக்காராம். போதலைன்னு சண்டை போட்டாரா உங்க வீட்டுக்காரரு?"

"எங்கன நல்லா குடுக்காவ? இரும்பு வெலை என்ன, ஆணி வெலை என்ன? இந்தச் சுத்துவட்டாரத்துல குதிரையே விரல் விட்டு எண்ணிரலாம். அதுக்காக மழையில பெட்ரோல் போட்டு ஓடணும். முதுகு வளைஞ்சு போச்சு அவருக்கு. ரெண்டு குதிரைக்கும் அடிச்சிட்டு வந்தா ரெண்டாயிரம் கையில தருவாரு. அதுல இரும்புக்குப் போக மிச்சம் என்னம்மா இருக்கும்?"

"ரெண்டாயிரமா?"

"ஆமா. சலாம் சொல்லி அப்படியே எங்கையில குடுத்துருவாரு. ஒத்தப் பைசா மறைக்க மாட்டாரு."

முதலாளி நாலாயிரம் என்றாரே! சங்கரேஸ்வரிக்கு முதலில் தோன்றியது வேறு. ஆதம் பெண்டாட்டிக்குத் தெரியாமல் பாதியை எங்கேயோ கொட்டுகிறார், சீட்டோ குடியோ, என்றுதான். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆதம் பெஞ்சில் உட்கார்ந்து, நனைந்து நிற்கும் மனைவியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கிற மனுஷன் முகம்தான் அது. ஆனால் மனைவியிடம் மறைக்கிற முகம் இல்லை.

அப்படியென்றால் மிச்சம் பாதி எங்கே போயிற்று?

பாதி. அந்தச் சொல்லோடு காலையில் கேட்ட சத்தம் அவள் காதில் திரும்ப வந்தது. டக், தொப். டக், தொப். பாதி இரும்புச் சத்தம், பாதி மொட்டைச் சத்தம்.

"ஏட்டய்யா, வண்டிய எடுங்க!"

"எம்மா, இப்பதான் இலையப் போட்டு..."

"இலைய மூடி வைங்க. குதிரை சாப்பிடவிடாம பண்ணுதுன்னு நினைச்சுக்கிடுங்க."

லாயத்தில் துரை கொள்ளு தின்றுகொண்டிருந்தது. இசக்கிமணியை விட்டுப் பின்னங்காலைத் தூக்கச் சொன்னாள். அவன் தூக்கினான். குளம்பு வெறுமையாக இருந்தது. ஆணி அடித்த தழும்புகூட இல்லை. இன்னொரு பின்னங்காலும் அப்படியே. முன்னங்கால் இரண்டில் மட்டும் லாடம்.

"அல்லிக்கும் இப்படித்தானா?"

"ஆமாம்மா. சவாரிக் குதிரைக்கெல்லாம் இங்கன அப்படித்தான் வழக்கம். பாரம் முன்னங்கால்லதான் விழும். பின்னங்காலு சும்மா விட்டாப் போதும்."

"அப்ப காலைல தடத்தைப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"மேனேஜரு கொன்னுபுடுவாரும்மா." அவன் அழாத குறைதான். "முதலாளிக்கு நாலு காலுன்னு கணக்கு. ஆதம் பாய்க்கு ரெண்டு காலுக்குத்தான் காசு. மிச்சம் மேனேஜருக்கு. வாயத் திறந்தா எனக்கும் வேலை போயிரும், பாய்க்கும் போயிரும்."

சங்கரேஸ்வரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஒரு களவை மறைக்க மூன்று பேரும் இன்னொரு களவுக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். அதைவிட, மாட்டு லாடத்தை மனதில் வைத்துக்கொண்டு குதிரைத் தடத்தைப் பார்த்த தன் புத்தியை என்ன சொல்ல?

மாலை நான்கு மணிக்கு வரவேற்பறையில் எல்லோரையும் கூட்டினாள். ஆதமையும் கூட்டி வந்தாயிற்று, பின்னாலேயே நூர்நிஷா. வெளியே சாரல் நின்றபாடில்லை. ஏட்டு நாற்காலி போட்டு ஏறி, நிலைக்கு மேலிருந்த லாடம் நாலையும் கழற்றி மேசையில் வைத்தார்.

"இன்னும் இவனை ரிமாண்ட் பண்ணலையா மேடம்?" விஸ்வநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு எஃப்.ஐ.ஆர். காப்பி அனுப்பணும்."

"அனுப்பலாம் முதலாளி. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பின்பக்கம் இருக்க தடம் அல்லியோட தடம் இல்ல."

இசக்கிமணி சுவரைப் பார்த்தான். வேல்ராஜ் நெற்றியைத் துடைத்தான். ஆதம் கண்ணை மூடிக்கொண்டார். விஸ்வநாதன் மட்டும் புரியாமல் முழித்தார்.

"வேற யாரோடதாம்?"

"எந்தக் குதிரையோடதும் இல்ல. அந்தத் தடத்துல ஒண்ணு விடாம எல்லாத்துலயும் லாடம் இருக்கு. அல்லிக்குப் பின்னங்கால்ல லாடமே கெடையாது. அடிச்சதே இல்ல."

"என்னது?" விஸ்வநாதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் ரத்தமாகச் சிவந்தது. "நாலு காலுக்குமில்ல காசு குடுத்திருக்கேன்! மூணு வருஷமா குடுத்திருக்கேன்! ஏலே வேல்ராஜு, திருட்டுப் பயலே, என்னலே இது?"

அவர் சத்தம் மட்டும் அறைக்குள் சுற்றி வந்து அடங்கியது. அடங்கிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"உக்காருங்க முதலாளி," என்றாள் சங்கரேஸ்வரி. "வெளியாளு வந்து களவாண்டிருந்தா, அல்லியவே அந்த வழியா நடத்திக்கிட்டுப் போயிருப்பான். ரெண்டு காலு இரும்புத் தடம், ரெண்டு காலு வெறும் தடம் விழுந்திருக்கும். பொய்த் தடம் போட வேண்டிய அவசியம் உள்ளாளுக்குத்தான். குதிரைய முன்பக்கம் சிமெண்டுல வண்டிய நிறுத்தி ஏத்திட்டு, பின்பக்கமா போச்சுன்னு எங்களை நம்ப வைக்கணும்லா? லாயத்தோட பழக்கம் உள்ள ஆளு நாலு பேரு. ஆதம் பாய் லாடம் அடிச்சவரு. இசக்கிமணி காலைப் பிடிச்சவன். வேல்ராஜு அந்த ரெண்டு காலோட காசைத் தின்னவன். இவங்க மூணு பேருல யாரு பொய்த் தடம் போட்டாலும் பின்னங்காலை வெறுங்காலாத்தான் போட்டிருப்பாவ. அல்லிக்கு நாலு லாடம் உண்டுன்னு மனசார நம்புன ஆளு ஒருத்தர்தான்."

"குதிரைன்னா நாலு லாடம்னு யார் வேணும்னாலும் நினைப்பாங்க!"

"நானும்தான் நினைச்சேன். ஆனா நான் தடம் போடலையே." மேசையிலிருந்த லாடம் ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் தட்டினாள். ஆணித் துவாரத்திலிருந்து ஈரச் செம்மண் உதிர்ந்தது. "மூணு வருஷமா நிலைக்கு மேல தொங்குற இரும்புல இன்னைக்கு எப்படி ஈர மண்ணு? மண்ணுல அழுத்தித் தடம் போட்டுட்டு, கழுவித்தான் மாட்டியிருக்கிய. துவாரத்தை மறந்துட்டிய. அவசரத்துல ஒண்ணைத் தலைகீழாவும் மாட்டிட்டிய. இசக்கிமணிக்கு எரநூறு ரூவா, கேமராவுக்கு ரிப்பேர், பாய் விட்டுட்டுப் போன குறடு. எல்லாம் யோசிச்சுச் செஞ்சிய. குதிரைக்குப் பின்னாடி ஒரு நாளாவது போயிப் பாத்திருக்கலாம்."

விஸ்வநாதன் உட்கார்ந்தார். பிறகு சன்னமாகச் சொன்னார். விடுதி மேல் கடன் கழுத்தை நெரித்தது. அல்லியைப் புளியரைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட முதலாளிக்கு விற்றாயிற்று. இன்ஷூரன்ஸும் வந்தால் ஒரு குதிரைக்கு இரண்டு விலை. பழியைப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஆதம் கூலியை ஏற்றிக் கேட்டார்.

"நூறு ரூபா ஏத்திக் கேட்டதுக்கா எம் வீட்டுக்காரர ஜெயிலுக்கு அனுப்பப் பாத்திய?" நூர்நிஷா முன்னால் வந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. ஆதம் அவள் தோளைத் தொட்டார்.

ஏட்டு கையைப் பிடித்து எழுப்பும்போதும் விஸ்வநாதனுக்கு ஆத்திரம் வேல்ராஜ் மேல்தான். "இவன் மேல நான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும் மேடம்! என்னை மூணு வருஷமா ஏமாத்தியிருக்கான்!"

"தாராளமா குடுங்க. உள்ள இருந்தே எழுதிக் குடுக்கலாம். ஏட்டய்யா, வேல்ராஜையும் வண்டில ஏத்துங்க."

பிறகு ஆதமிடம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. "காலைலயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா பாய்?"

"நாலு காலுக்கும் அடிச்சியான்னு முதலாளி கேக்கும்போதெல்லாம் தலையாட்டியிருக்கேனே அம்மா. வேண்டாம்னா வேற ஆளைக் கூட்டிட்டு வருவேன்னான் அந்த மேனேஜரு. இதைச் சொன்னா என்னையும் களவாணின்னுதான சொல்லுவியன்னு..."

"சொல்லத்தான் செய்வேன். குதிரையை எடுக்கலைங்கதுக்காக உங்களை நல்லவருன்னு எழுதிக் குடுக்க முடியாது. தலையாட்டுனதையும் சேத்து வாக்குமூலம் குடுக்கணும்."

"குடுக்கேம்மா," என்றார் ஆதம். அந்த ஒரு சொல்லில் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

பொழுது சாய்வதற்குள், ஆதமையும் அவருடைய சாமான் பையையும் ஏற்றிக்கொண்டு புளியரைக்குப் போய்விட்டார்கள். ரப்பர் மரத்தடியில் அல்லி நின்றது. வண்டியில் ஏற்றிய முரட்டுத்தனத்தில் முன்னங்கால் லாடம் ஒன்று கழன்று, ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வலியில் காலை ஊன்றாமல் நின்ற குதிரை, ஆதமின் குரல் கேட்டதும் காதை விடைத்துத் தலையை ஆட்டியது. ஜீப்பிலிருந்து குறட்டை எடுத்துக் கொடுத்தாள் சங்கரேஸ்வரி. சாட்சிப் பொருள்தான். எழுதிக்கொண்டு திரும்ப வாங்கிக்கொண்டால் போயிற்று.

ஆதம் காலைத் தூக்கி மடியில் வைத்து, பழைய ஆணியைப் பிடுங்கி, குளம்பைச் சீவி, லாடத்தைத் திரும்ப அடித்தார். மற்ற முன்னங்காலிலும் ஆணி ஆடுகிறது என்று அதையும் கழற்றி அடித்தார். வேலை முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கோர்ட்டுக்குப் போற வரைக்கும் குதிரை ஸ்டேஷன் பொறுப்பு. கூலி எவ்வளவு பாய்?"

"காலுக்கு அறுநூறும்மா."

"எத்தனை காலு?"

"ரெண்டு."

ஏட்டு செல்லச்சாமி சட்டைப் பையில் கை விட்டார். சங்கரேஸ்வரி அவரைத் தடுத்துவிட்டு, குதிரையைச் சுற்றி வந்து, குனிந்து எண்ணிப் பார்த்தாள்.